கல்லுக்காட்டில் கொடி வளர்க்கும் தீவு

இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் திருப்புவது கேள்வி-பதில் பக்கத்தைத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு கேள்வி எழுதினேன். ‘எனக்கு 3 ஏக்கர் சரளைக்காடு இருக்கிறது. மண்ணைவிடக் கல்தான் அதிகம். 2 போர் போட்டும் தண்ணீர் இல்லை. வேலிக்காத்தான் மண்டிவிட்டது. கிரஷர் வைத்திருப்பவர்கள் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா, வேறு வழி இருக்கிறதா?’ என்று அஞ்சல் அட்டையில் எழுதி, முகவரியும் எழுதி முடித்துவிட்டு, தபாலில் போடாமல் நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன். ‘விற்றுவிடுங்கள்’ என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் காரணம்.

அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால், போன வருடம் வைகாசியில் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் ஒரு தீவில் பார்த்த சில விஷயங்கள், அந்தக் கேள்வியை வேறு மாதிரி யோசிக்க வைத்தன. என்னைப் போலக் கல்லுக்காடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அரவக்குறிச்சியிலிருந்து அட்லாண்டிக் வரை

என் மகள் கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போர்ச்சுகல் நாட்டுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் அவளுக்கு இரண்டு வருட வேலை. ‘ஒரு தடவை வந்து பாருங்கப்பா’ என்று விடாமல் கூப்பிட்டாள். “ஆட்டை யாருங்க பார்க்கறது? நீங்க போயிட்டு வாங்க” என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

அசோர்ஸ் என்பது 9 தீவுகள். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம், சுற்றிலும் கடல். ஒன்பதுமே எரிமலை கக்கி உண்டான தீவுகள். மகள் இருப்பது ஃபயால் தீவில் உள்ள ஓர்ட்டா என்கிற சின்ன ஊர். அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு மலை. வானத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அதுதான் பீக்கோ தீவு. மலையின் பெயரும் பீக்கோதான். 2,351 மீட்டர் உயரம். போர்ச்சுகல் நாட்டிலேயே உயரமான மலை. அதன் உச்சியில் மேகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இரண்டு தீவுக்காரர்களும் அன்றைய மழையைக் கணிக்கிறார்கள். நாம் மேற்கே மின்னுவதைப் பார்த்துச் சொல்வது போலத்தான்.

பீக்கோவுக்குப் போவதற்கு முன்னால் ஃபயால் தீவின் மேற்கு மூலைக்கு மகள் கூட்டிப்போனாள். கப்பெலின்யோஸ் என்று பெயர். 1957 செப்டம்பரில் கரையோரக் கடலுக்குள் எரிமலை வெடித்து, 13 மாதம் ஓயாமல் சாம்பலைக் கொட்டியிருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் கீழ்மாடி சாம்பலில் புதைந்து, மேல்பாதி மட்டும் இன்றும் வெளியே நிற்கிறது. வயலும் வீடும் மூடிப்போயின. பிழைப்புக்கு வழியில்லாமல் நின்ற மக்களை உள்ளே விட அமெரிக்கா 1958-ல் தனிச்சட்டமே போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னும் புல்கூடச் சரியாக முளைக்கவில்லை. ‘நம்ம காடு எவ்வளவோ தேவலை’ என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது.

கடப்பாரையால் உண்டான தோட்டம்

மறுநாள் காலையில் படகில் ஏறினோம். அரை மணி நேரத்தில் பீக்கோவின் மடலேனா துறைமுகம். துறைமுகத்துக்கு எதிரில் கடலில் இரண்டு பாறைகள் நிற்கின்றன. ஒன்றின் பெயர் ‘நிற்பவர்’, இன்னொன்றின் பெயர் ‘படுத்திருப்பவர்’. இப்படிப் பெயர் வைக்கிற ஊர்க்காரர்கள் நம்மைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்று தோன்றியது.

சுமார் 45 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். அதில் மொத்தமே 14,000 பேர் சுமார். ஹார்ன் சத்தம் கிடையாது. சாலையில் எதிரே வண்டி வந்தால் ஓட்டுகிறவர் கையைத் தூக்கிவிட்டுத்தான் போகிறார். ஆனால், எனக்கு அந்த அமைதி பெரிதாகப் படவில்லை. இறங்கியதும் கண்ணில் பட்டது கல்தான். கன்னங்கரேலென்று, கரி மாதிரி, துளைத் துளையாக இருக்கும் எரிமலைக் கல். வீடு, வேலி, பாதை, கடற்கரை எல்லாமே அந்தக் கல்.

தீவுகளிலேயே வயதில் சின்னது பீக்கோ. 3 லட்சம் வருடம்தான் இருக்கும் என்கிறார்கள். பாறை மண்ணாக மாறுவதற்கு அது போதாது. போதாக்குறைக்கு மக்கள் குடியேறிய பிறகும் மலையின் பக்கவாட்டில் வெடித்திருக்கிறது. 1562-ல் ஆரம்பித்த ஒரு வெடிப்பு, 1718-ல் ஒன்று, 1720-ல் ஒன்று. உருகிய பாறை ஆறாக ஓடிக் கடலில் விழுந்திருக்கிறது. அப்படி மூடிப்போன நிலத்தை அவர்கள் ‘மிஸ்டீரியோ’ என்கிறார்கள். மர்மம் என்று அர்த்தம். ஏன் வந்தது, எதற்காக நம் நிலத்தில் வந்தது என்று புரியாதவர்கள் வைத்த பெயர்.

1400-களின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் கோதுமைக்கு ஏற்ற மண் இல்லாமல் திண்டாடியிருக்கிறார்கள். கடைசியில் திராட்சைதான் கைகொடுத்தது. எப்படி என்பதை மகள் கிரியாசாவ் வெல்யா என்கிற இடத்தில் காட்டினாள். கரையோரத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, கருங்கல் சுவர்கள். நம் இடுப்பு, நெஞ்சு உயரம். சதுரம் சதுரமாக, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பட்டிகள். ஒவ்வொன்றும் நம் வீட்டு வாசல் அளவுகூட இருக்காது. அதற்குள் நாலைந்து திராட்சைக் கொடி. அதைக் ‘குர்ரால்’ என்கிறார்கள். நம் ஆட்டுப்பட்டிக்கும் அதே சொல்தானாம்.

கொடி எதில் நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். பாறை இடுக்கில். கடப்பாரையால் பாறையை உடைத்துக் குழி பண்ணி, அதில் கைப்பிடி மண் போட்டுக் கொடியை ஊன்றியிருக்கிறார்கள். அந்த மண்ணையும் எதிரே இருக்கும் ஃபயாலிலிருந்து படகில் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். நாம் லோடு மண் விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறோம்!

நம் கம்பம் பக்கம் திராட்சையைப் பந்தலில் ஏற்றுவோம். இங்கே கொடி தரையோடு தரையாகக் கல்லின் மேல் படுத்திருக்கிறது. உயரமாக விட்டால் கடல் காற்று கருக்கிவிடும். காய் திரளும்போது குச்சியோ கல்லோ முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் தூக்கிவிடுகிறார்கள். பகலில் கருங்கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. குளிர் நாட்டில் பழம் இனிப்பதற்கு அது உதவுகிறது. சுவருக்குச் சாந்து பூசவில்லை. கல்லை அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடைவெளி வழியாகக் காற்று நுழைந்து வேகம் குறைந்து போகிறது. அடைத்துக் கட்டியிருந்தால் புயல் காற்று சுவரைத் தள்ளிவிட்டிருக்கும்.

‘நண்டு பாடுவது கேட்கிற இடத்தில்தான் நல்ல திராட்சை விளையும்’ என்பது அந்த ஊர்ச் சொலவடை. அதாவது, கடலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. உப்புக்காற்றுக்கு நடுவில் நின்று இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மழை பெய்யும், தண்ணீர் நிற்காது

கரையோரத்திலேயே வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற தீவு அது. மலைமேல் இன்னும் அதிகம். நமக்கெல்லாம் பொறாமையாக இருக்கும். ஆனால், வாய்க்காலும் குளமும் வெகு குறைவு. பெய்கிற மழை துளைக் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. உள்ளே எவ்வளவு பொத்தல் என்பதற்குச் சாட்சி, உருகிய பாறை ஓடிய குகை ஒன்று. 5 கிலோமீட்டர் நீளம். ஹெல்மெட், டார்ச்சோடு கொஞ்ச தூரம் கூட்டிப்போகிறார்கள். மேலே இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தலைக்கு மேலே மாடு மேய்கிறது.

அந்தக் காலத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். இன்னொன்று, கடலை ஒட்டியே கிணறு வெட்டினார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. மகள் விளக்கினாள். கீழே இறங்கிய மழைநீர் கடலை நோக்கி வருகிறது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீருக்குக் கனம் குறைவு. அதனால், அது கடல் நீருக்கு மேலே மிதக்கிறது. கரையோரத்தில் குடைந்தால் அது கிடைக்கும். கடல் ஏறினால் கிணற்றிலும் தண்ணீர் ஏறும். கடல் வற்றினால் இறங்கும். லேசாக உப்புக் கரிக்கும், ஆனால் உயிர் காக்கும். ஆழமாகத் தோண்டினால் அவ்வளவும் உப்பு. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறார்கள். 800 அடி, 950 அடி என்று இரண்டு போர் போட்டு மூன்றரை லட்சம் கடன் வைத்திருக்கிற எனக்கு அந்தக் கிணற்று மேட்டை விட்டு நகரவே மனம் வரவில்லை.

சுவர் மட்டும் மிச்சம்

பீக்கோவின் ஒயின் ஒரு காலத்தில் பல நாடுகளுக்குப் போனது. ரஷ்ய அரண்மனை வரைக்கும் போனதாகச் சொல்கிறார்கள். ஆனால், தோட்டங்களில் பெரும்பகுதி எதிர்த் தீவான ஃபயாலில் இருந்த பணக்காரர்களுடையது. அறுவடை நேரத்தில் மட்டும் வந்து தங்குவார்கள். பீப்பாய்களைக் கடலுக்கு உருட்டிவிடப் பாறையில் சரிவு வெட்டியிருக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரம் போய்ப் போய்ப் பாறையிலேயே தடம் விழுந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், அரை விரல்கடைக்கு மேல் ஆழம். விளைந்தது பீக்கோவில், கப்பலேறியதோ ஃபயால் ஒயின் என்கிற பெயரில். விளைவிக்கிறவன் பெயர் மூட்டையில் இருக்காது என்பது எல்லா ஊருக்கும் பொதுதான் போல.

1850-களில் சாம்பல் நோய் வந்தது. 1870-களில் வேரைத் தின்னும் அசுவினி வந்தது. கொடிகள் செத்தன. ஜனங்கள் பிரேசிலுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் அத்தி மரம் வைத்தார்கள், நோய் தாங்குகிற அமெரிக்கக் கொடி வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், படகில் போய்த் திமிங்கிலம் வேட்டையாடினார்கள். திமிங்கில வேட்டை 1980-கள் வரை நடந்திருக்கிறது. அன்றைக்குத் திமிங்கிலம் பார்த்துக் குரல் கொடுத்த அதே கரைமேட்டுக் குடிலில் இன்றைக்கும் ஆள் உட்கார்ந்திருக்கிறார். சுற்றுலாப் படகுக்கு வழி சொல்வதற்கு.

கைவிட்ட தோட்டங்களில் காடு ஏறியது. அதில் பெரும்பங்கு ஒரே மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பாகக் கொண்டுவந்த ஒருவகைப் பிசின் மரம். ஆரஞ்சும் நோயில் போய்விட்டது. வேலிக்கு வந்த மரம் தீவையே பிடித்துக்கொண்டது. மகள் இதைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். “வேலிக்காத்தான்னு சொல்லு” என்றேன். பெயர்கூட மாற்ற வேண்டியதில்லை.

அந்தக் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். இருபுறமும் மரம். மரத்துக்கு நடுவே, பாசி படிந்து, அதே கருங்கல் சுவர்கள். சில இடத்தில் சுவரைப் பிளந்து மரம் நிற்கிறது. ஆனால், பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடாத சுவர்கள்.

அரிவாளோடு நின்ற பெரியவர்

காடு முடிகிற இடத்தில் ஒரு பெரியவர் அரிவாளும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். மகள் போர்ச்சுகீஸில் பேச ஆரம்பிக்க, அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். பதினெட்டு வயதில் கலிபோர்னியா போய் முப்பத்தைந்து வருடம் பால் பண்ணையில் வேலை பார்த்தவராம். திரும்பி வந்து, தாத்தாவின் தோட்டத்தை மீட்டுக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் அறுபது பட்டி. மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“இவ்வளவு சுவரும் திராட்சைக்காகவா கட்டினாங்க?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முதல்ல கல்லைப் போட இடம் இல்லாமத்தான் கட்டியிருப்பாங்க. காத்தைத் தடுக்கும்னு அப்புறம் தெரிஞ்சிருக்கும்” என்றார். கொஞ்ச தூரத்தில் ஒரு கல் கோபுரத்தைக் காட்டினார். வீட்டு உயரம். சுவருக்குப் போக மிஞ்சிய கல்லைக் குவித்துப் படிப்படியாக அடுக்கியது. அந்தத் தீவில் அதுபோல நிறைய இருக்கின்றன.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உழவு முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு சரளை பொறுக்குவார். கிழக்கு மூலையில் அப்படிப் பொறுக்கிப் போட்ட குவியல் இன்னும் கிடக்கிறது. கிரஷர்காரர்கள் ‘அந்தக் குவியலையும் சேர்த்துத்தானே?’ என்று கேட்டார்கள்.

லாபம் வருகிறதா என்று கேட்டேன். விவசாயி விவசாயியிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதானே. அவர் மறைக்கவில்லை. நட்டு மூன்று வருடம் ஒரு பழம் கிடையாது. விளைச்சல் ரொம்பக் குறைவு. இயந்திரம் நுழைய முடியாது, எல்லாம் கைவேலை. ஆனால், இங்கே விளையும் வெர்தெல்யோ, அரிந்தோ திராட்சைக்கு இப்போது நல்ல விலை. கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொள்கிறது. 2004-ல் யுனெஸ்கோ இந்தத் தோட்டங்களில் 987 ஹெக்டேரை, அதாவது ஏறக்குறைய 2,440 ஏக்கரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குள் தோட்டத்தையும் சுவரையும் பராமரிக்க அரசு உதவித்தொகை உண்டு. அதற்குப் பிறகுதான் கைவிட்டுக் கிடந்த பல நூறு ஏக்கர் மறுபடி தோட்டமாகியிருக்கிறது.

“எனக்கு அமெரிக்காவுல இருந்து பென்ஷன் வருது. அது இல்லைன்னா பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்க முடியாது. இதை மறைச்சு உங்க ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க” என்றார். அதனால்தான் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

பிறகு அவர் கேட்டார், “உங்க நிலத்துல எவ்வளவு கல்?”

செல்போனில் என் சரளைக்காட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மகளிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

“என்ன கண்ணு சொல்றார்?”

“‘இதுல மண் இருக்கே!’ங்கறார்ப்பா.”

ஊர் கூடிச் சாப்பிட்ட சூப்

அன்று அவர் எங்களைச் சும்மா விடவில்லை. பரிசுத்த ஆவித் திருவிழா நேரம் அது. ஈஸ்டர் கழிந்து ஏழு வாரம் வரை ஊர் ஊராக நடக்கும். ஊரில் ஒரு சாதாரண ஆளுக்குக் கிரீடம் வைத்து, அன்றைக்கு அவர்தான் பேரரசர் என்கிறார்கள். பிறகு வந்தவர் போனவர் எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சி சூப்பும். யார், என்ன என்று கேள்வி இல்லை. எரிமலை வெடித்த காலத்தில் ‘எங்களைக் காப்பாற்று, வருடா வருடம் ஊருக்குச் சோறு போடுகிறோம்’ என்று நேர்ந்துகொண்டதை இன்னும் நிறைவேற்றும் ஊர்கள் உண்டாம். நீளமான மேசையில் உட்கார வைத்தார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், ஒரு அம்மா உள்ளே போய் வேகவைத்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். பார்த்தால் நம்ம சேப்பங்கிழங்கு! புளிக்குழம்பு ஒன்றுதான் குறை.

பாலாடைக்கட்டி அந்தத் தீவின் பசும்பாலில் செய்தது. அசோர்ஸ் தீவுகளில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். போர்ச்சுகலின் பாலில் சுமார் 30 சதவிகிதம் இந்த ஒன்பது தீவுகளிலிருந்துதான். மலைச்சரிவு முழுக்கக் கல்சுவர் வைத்துப் பிரித்த புல்காடு. ஒரு துண்டில் மேய்ந்து முடித்தால் அடுத்த துண்டுக்கு ஓட்டுகிறார்கள். கறக்க மாட்டைக் கொட்டகைக்குக் கொண்டுவராமல், கறவை இயந்திரத்தை டிராக்டரில் இழுத்துக்கொண்டு மேய்ச்சல் காட்டுக்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கொறங்காடும் இதே கணக்குதான். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல் விதைத்து, நடுவில் வெள்வேல மரம் விட்டு, மாற்றி மாற்றி மேய்ப்பது. அவர்களுக்குக் கல் வேலி, நமக்கு உயிர்வேலி. நாம் அதைப் பழைய பழக்கம் என்று விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒயின் எப்படி இருந்தது என்று ஊரில் பல பேர் கேட்டார்கள். நான் குடிப்பதில்லை. அதனால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

படகில் கேட்ட கேள்வி

திரும்பும்போது படகின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஊரில் இருந்தவரை கேட்கத் தைரியம் வராத கேள்வியை அப்போது கேட்டேன்.

“கண்ணு, அந்தச் சரளைக்காடு உனக்கு வேணுமா, வேண்டாமா? உண்மையைச் சொல்லு.”

உடனே பதில் சொல்லவில்லை. “நான் வந்து விவசாயம் பண்ணுவேன்னு பொய் சொல்ல மாட்டேன்ப்பா. என் வேலை கடல்ல. கடன் இருக்கு, உங்களுக்கும் வயசாகுது. நீங்க வித்தா நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா, அவங்களுக்கு வித்தா அது காடு இல்ல, குழி. இங்க கொடி செத்துச்சு, ஜனம் போயிடுச்சு. சுவரும் மண்ணும் அப்படியே இருந்துச்சு. அதனாலதான் அந்தத் தாத்தாவால திரும்பி வர முடிஞ்சது” என்றாள்.

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. ஓர்ட்டா வந்துவிட்டது.

ஊருக்கு வந்து செய்தது

வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிரஷர்காரர்களிடம் ‘இப்போதைக்கு இல்லை’ என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். “கடனுக்கு என்னங்க பதில்?” என்றார். இருந்த ஆட்டில் பாதியை விற்றோம், மகள் கொஞ்சம் அனுப்பினாள். இன்னும் ஒன்றரை லட்சம் நிற்கிறது.

3 ஏக்கரில் 40 சென்ட் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆடியில் வேலிக்காத்தானை வேரோடு தோண்டினோம். இதை மேலாக வெட்டினால் பிரயோஜனமே இல்லை. தரைக்குக் கீழே இருக்கும் கட்டையிலிருந்து மறுபடி தழைந்துவிடும். அந்தக் கட்டையை எடுத்தால்தான் உண்டு.

பிறகு சரிவுக்குக் குறுக்கே, அப்பா குவித்த கல்லை எடுத்து முழங்கால் உயரத்துக்கு மூன்று கல் வரப்பு அடுக்கினேன். சாந்து இல்லை. தண்ணீர் கசிந்து போகட்டும், மண் மட்டும் நிற்கட்டும் என்பது கணக்கு. ஐப்பசி மழையில் வரப்புக்கு மேல்பக்கம் நாலு விரல்கடை வண்டல் நின்றது. அந்தக் காட்டில் வண்டல் என்று ஒன்றை நான் பார்த்ததே அப்போதுதான்.

வரப்புக்கு மேல்பக்கம் 40 முருங்கைப் போத்து ஊன்றினேன். ஒவ்வொன்றுக்கும் தெற்கிலும் மேற்கிலும் பிறை மாதிரி கல் அடுக்கினேன். பீக்கோவில் செய்வதை அப்படியே செய்யக் கூடாது என்பதைக் கவனிக்க வேண்டும். அது குளிர்ந்த ஊர். கல்லின் சூடு அங்கே வரம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதே சூடு கன்றைப் பொசுக்கிவிடும். அதனால் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளித்தான் கல் வைக்க வேண்டும். நமக்குக் கல்லால் ஆக வேண்டியது மேல்வெயிலுக்கு நிழல், காற்றுக்குத் தடுப்பு, மண்ணின் ஈரத்துக்கு மூடி. தண்டைச் சுற்றிக் கல் போடாமல் காய்ந்த புல்லைத்தான் மூடாக்காகப் போட்டேன். முதல் பத்துப் போத்துக்கு இது தெரியாமல் கல்லை ஒட்டி வைத்துவிட்டேன். அதில் ஏழு போய்விட்டது. மீதி முப்பதில் நாலு மட்டும்தான் பட்டுப்போனது.

இந்தக் கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். 29 மரம் நிற்கிறது. காய் இன்னும் எதுவும் விற்கவில்லை. மேல் ஓரத்தில் கிளுவைப் போத்து நட்டு, நடுவில் கொழுக்கட்டைப்புல் தூவியிருக்கிறேன். இந்த வருடம் இன்னொரு 40 சென்ட்டைத் தோண்ட வேண்டும். போர் மட்டும் இனிமேல் போடுவதாக இல்லை.

கல்லுக்காடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் விற்காமல் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒவ்வொருவர் கடன் ஒவ்வொரு மாதிரி. நானும் நாளைக்கு மனசு மாற மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால், விற்பதற்கு முன்னால் ஒரு மழைக்காவது குறுக்கே பத்தடி கல் வரப்பு போட்டுப் பாருங்கள். உங்கள் காட்டில் எவ்வளவு மண் இருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.

சென்ற வாரம் நிற்கிற மரங்களைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் அடுத்த முறை பீக்கோ போனபோது பெரியவரிடம் காட்டியிருக்கிறாள். கல் அடுக்கியது கோணலாக இருக்கிறது என்று சொன்னாராம்.